தணலி புடிச்ச கை

சூரியன்ல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு அம்மா, ரெண்டு பொண்ணுங்க. மூணு பேருமே நெருப்புத் துளிங்க. ம் கொட்டுடா, இல்லேன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்.

"ம்."

ஊருக்கு மேல பாலம் மாதிரி பெரிய பெரிய வளைவு. துளிங்க சூடேறினா அதுல விர்ருனு ஏறும். ஆறினதும் சடசடன்னு மழையா வீட்டுக்கு எறங்கிடும். ஆனா ஒத்தையா ஏறிப் போன அக்காக்காரி செங்கனி மட்டும் எறங்கவேயில்ல. அம்மா அண்ணாந்து பாத்துப் பாத்து அழுதா.

"நான் கூட்டிட்டு வரேம்மா"ன்னா தங்கச்சி தணலி.

"தனியா நிக்காதடி. இன்னொருத்தரோட ஒட்டிக்கிட்டாதான் மேல சூடு ஆறும்."

அப்புறம் தணலி ஏறினா. ஒடம்பு கொதிச்சுது. அம்மா சொன்னது மறந்துபோச்சு. அடுப்பை விட்டுத் தள்ளிப் போனா ஆறுற மாதிரி, ஊரை விட்டுத் தள்ளிப் போனா ஆறிடும்னு இன்னும் மேல போனா, பைத்தியக்காரி. அங்க தள்ளிப் போகப் போகத்தான் சூடு ஏறும்! அங்க தீ மூட்டுறது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆளே இல்ல, வளைவு மட்டும் கிர்ர்... கிர்ர்னு தானா முறுக்கிக்கும்.

மொத முறுக்குல அவ செவப்பு போச்சு. ரெண்டாவது முறுக்குல காலைக் காணோம். மூணாவது முறுக்குல கையை மூஞ்சிக்கு நேரா நீட்டுறா, கையே தெரியல!

"செத்துட்டாளா அத்தே?"

இல்லடா. அவ்ளோ சூடானா கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. சுத்தி ஸ்ஸ்... ஸ்ஸ்னு மூச்சு விடுற சத்தம். யாரையும் காணோம். "அக்கா!"ன்னு கத்தினா. அப்போ ஒரு கை வந்து அவ கையை வெடுக்குனு புடிச்சுது.

"அக்கா, விட்டுடாத!"ன்னு இறுக்கிக் கட்டிக்கிட்டா. கட்டிக்கிட்டதும் ரெண்டு பேரோட சூடும் வெளிச்சமா வெளிய கொட்டுது. கொட்டக் கொட்ட ஆறுது, ஆற ஆற ஒடம்பு செவப்பா தெரியுது. அப்புறம் சர்ருனு சறுக்கி, சடசடசட... வாசல்ல தொப்!

தணலி சிரிச்சுக்கிட்டே திரும்பினா. அது அக்கா இல்ல. முன்னப்பின்ன தெரியாத யாரோ ஒரு சின்னத் துளி, தேம்பிக்கிட்டு நிக்குது.

தணலிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துது. "அம்மா, தப்பா கூட்டிட்டு வந்துட்டேம்மா."

அம்மா அந்தப் பொண்ணு மூஞ்சியைத் தொடைச்சுவிட்டா. "உங்கம்மா தேடுவா. வா, உன் வீட்டைக் காட்டு"ன்னா.

போற வழியில தணலி கேட்டா, "அப்போ அக்கா?"

அம்மா வளைவையே பாத்தா. "எவளாவது ஒருத்தி, தன் அக்கான்னு நெனச்சு அவ கையைப் புடிப்பா"ன்னா.

ம், சொல்ல வேண்டியது சொல்லியாச்சு, கேக்க வேண்டியது கேட்டாச்சு. கண்ணை மூடுடா.