மரவாழைக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அவன் ஆசைப்பட்டான். நாடு அதற்கு ஓடி ஓடி வேலை பார்த்தது. காலையில் யானை வேண்டும் என்பான், மாலையில் யானையைப் பார்த்தாலே தலைவலி என்பான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் நசுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் மந்திரி பூதலிங்கத்தின் உத்தியோகம். செய்து செய்து அவருக்கு அலுத்துவிட்டது.

ஒருநாள் மலைநாட்டார் ராஜாவுக்கு ஒரு மரவாழையைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். மண்ணே வேண்டாமல், மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றிலும் பனியிலும் வளர்கிற செடி. ஒரே ஒரு கொத்துப் பூத்திருந்தது. அதன் வாசனையில் சபை பேச்சை மறந்து நின்றது.

"என் செடி மரத்தில் தொங்குவதா? தங்கத் தொட்டி கொண்டுவாருங்கள், வண்டல் மண் கொண்டுவாருங்கள்!" என்றான் ராஜா.

"மகாராஜா, இது மண்ணில் வாழாது" என்றார் பூதலிங்கம்.

"உமக்கு என் தொட்டி பிடிக்கவில்லையோ?"

செடி சபை வாசலில் தொட்டிக்குள் குடியேறியது. தோட்டக்காரி சடைச்சி அதற்குக் காவல்.

மறுநாள் ராஜா போகிற போக்கில் அதற்கு ஒரு கை தண்ணீர் விட்டான். போதாதா? தளவாய் ரங்கராயன் வெள்ளிச் செம்போடு வந்து நின்றான். அவனைப் பார்த்துக் கணக்கர், கணக்கரைப் பார்த்துப் புலவர். எல்லோரும் ராஜா வருகிற நேரம் பார்த்தே ஊற்றினார்கள். ஊருக்குள் பெண்கள் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த கோடை அது. அதைப் பற்றிச் சபையில் ஒருவனும் மூச்சு விடவில்லை. ஊரார் வாயில் ஊற்றினால் ராஜா பார்ப்பாரா?

இலை சுருங்கியது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினார்கள். செடி செத்தது.

ராஜா கொதித்தான். ரங்கராயனுக்கு மந்திரி மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். சடைச்சியோ மந்திரி சொல்லி வேலைக்கு வந்தவள். சமயம் பார்த்து அவன் முன்னால் வந்தான்.

"என் கண்ணால் பார்த்தேன், மகாராஜா. இந்தச் சிறுக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. தாகத்திலேயே கொன்றுவிட்டாள்."

"நாளை இவள் தலையை எடுங்கள்" என்றான் ராஜா.

சாயங்காலம் பூதலிங்கம் சிறைக்குப் போனார். "நீ ஊற்றினாயா, இல்லையா? உண்மையைச் சொல் தாயி."

"நான் ஊத்தலைங்க சாமி. ஊத்த எடம் எங்க இருந்துச்சு?"

மந்திரிக்குச் சிரிப்பும் வந்தது, களைப்பும் வந்தது.

மறுநாள் சபை கூடியது. பூதலிங்கம் எழுந்தார்.

"மகாராஜா, தண்டனைக்கு முன்னால் ஒரு காரியம். இப்பேர்ப்பட்ட செடிக்கு ஒரு கல் நட வேண்டாமா? அதற்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் பெயரையெல்லாம் அதில் வெட்டிவைப்போம். அதிகம் ஊற்றியவர் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே."

கல்லில் பெயர் என்றதும் சபையில் தள்ளுமுள்ளு.

"என் பெயரை எழுதுங்கள். தினம் ஒரு செம்பு!" என்றார் கணக்கர்.

"செம்பா? நான் குடம் ஐயா, குடம். பாட்டும் பாடிக்கொண்டே ஊற்றினேன்" என்றார் புலவர்.

"பாட்டு வேறா? செடி ஏன் செத்தது என்று இப்போது புரிகிறது" என்றார் கணக்கர்.

ரங்கராயன் இருவரையும் விலக்கிக்கொண்டு வந்தான். "தள்ளுங்கள். நான் அண்டாவில் ஊற்றியவன். மேலே என் பெயர்."

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்டா என்ன பெரிய அண்டா! தூக்கம் வராதபோதெல்லாம் நானே இறங்கிவந்து அண்டா அண்டாவாக ஊற்றியிருக்கிறேன். மேலே என் பெயர்தான்!"

பாதிக்கு மேல் பொய். ஆனால் சபையறியச் சொல்லியாகிவிட்டது.

பூதலிங்கம் கையசைத்தார். காவலர்கள் தொட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள். சேறு வழிந்தது. கறுத்து நைந்த வேர்கள் வெளியே வந்தன. பக்கத்தில் நின்றவர்கள் மேல்துண்டால் மூக்கைப் பொத்தினார்கள்.

"வேர் அழுகியிருக்கிறது, மகாராஜா. இது தாகத்தில் சாகவில்லை, மூழ்கிச் செத்திருக்கிறது. தளவாயே, சடைச்சி எவ்வளவு ஊற்றினாள்?"

ரங்கராயன் கவிழ்ந்த தொட்டியைப் பார்த்தான்.

"நேற்று சொன்னீரே, இன்னொரு தரம் சொல்லும்."

"ஒரு... ஒரு சொட்டும் ஊற்றவில்லை."

"அப்படியானால் இந்த அரண்மனையில் செடியைக் கொல்லாதவள் அவள் ஒருத்திதான்."

ராஜாவின் முகம் மாறியது. "அப்படியென்றால் கொன்றது யார் என்கிறீர்?"

"கல் இன்னும் வெட்டவில்லை, மகாராஜா. சிற்பி வாசலில் நிற்கிறான். மேலே யார் பெயர் என்று கேட்கிறான்."

சபை அடங்கிப்போனது. பூதலிங்கம் இந்த மௌனத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறார். ராஜா சிரித்தால் ஆள் பிழைக்கும். சிரிக்காவிட்டால் இரண்டு தலை போகும். அவருக்கு முழங்கால் வலித்தது. எதுவானாலும் சீக்கிரம் ஆகட்டும் என்று இருந்தது.

ராஜா சிரித்தான். தொடை தட்டிச் சிரித்தான். "சிற்பியைப் போகச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் கட்டை அவிழுங்கள்!" பிறகு ரங்கராயனைப் பார்த்தான். "தளவாயே, உமக்கு ஊற்றுகிற கை. நாளை முதல், மழை வருகிறவரைக்கும், அதே அண்டாவைத் தலையில் சுமந்து, ஊரில் வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றும். நான் மாடத்திலிருந்து பார்ப்பேன்."

மந்திரிக்கும் வெகுமதி வந்தது. பொன் இல்லை, ஓய்வும் இல்லை. மலையிலிருந்து இன்னொரு மரவாழையை வரவழைத்து அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தான் ராஜா.

மறுநாள் விடிந்ததும் பூதலிங்கம் கதவைத் திறந்தார். கணக்கர், புலவர், அவர்களுக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் ஆட்கள். எல்லோர் கையிலும் செம்பு.

"மகாராஜா கொடுத்த செடியாமே! நாங்கள் ஊற்றாமல் இருக்கலாமா?"

மந்திரி அவர்களோடு வாதாடவில்லை. வாதாடுகிற வயது போய்விட்டது. அடுக்களையிலிருந்து ஓட்டைப் பானை ஒன்றை எடுத்துவந்து, மண்ணை நிரப்பி, ஒரு வாழைக்கன்றை நட்டு வாசலில் வைத்தார். அவர்கள் அதில் ஊற்றினார்கள். அரண்மனைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள்.

கொல்லையில் பலாமரத்துக் கிளையில் மரவாழையைத் தென்னைநாரால் கட்டியிருந்தாள், இப்போது மந்திரி வீட்டில் வேலை பார்த்த சடைச்சி. வேர் காய்ந்தபோது மட்டும் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். மழை பிடித்த மாதத்தில் அது பூத்தது. வாசனை கூரையைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வாசலில் செம்போடு நின்ற புலவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"பார்த்தீரா கணக்கரே," என்றார், "எல்லாம் நான் ஊற்றிய தண்ணீர்."