ஆளில்லாத நாற்காலிக்கு மைக்

தூத்துக்குடியில் வீட்டுக்கு வீடு போய் ஹோம் தியேட்டர் மாட்டிக்கொடுக்கும் ஒரு குரு இருந்தார். பெயர் பெனிட்டா, வயது முப்பதைத் தாண்டவில்லை. அவருடைய சிஷ்யர் சவரிராயனுக்கோ தலை முழுக்க நரை. மில் வேலை போனபின் தொழில் கற்க வந்தவர், குருவை "மாஸ்டர்" என்று கூப்பிடுவார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இவர்கள் இருவருக்கும் அதைக் கவனிக்க நேரமில்லை.

சவரிராயனின் மகள் ஜோவிட்டா, அப்பாவுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். தெருவில் ஆட்டோ நின்றால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவர் வாசலுக்கு ஓடுவார். ஆனால் போன் எடுத்து அவளைக் கூப்பிட மட்டும் மாட்டார். வீம்பு பிடித்த மனுஷர்.

ஒரு நாள் ஸ்டெல்லா என்பவரின் வீட்டில் வேலை. கணவர் சரக்குக் கப்பலில் இருக்கிறார். ஸ்பீக்கர்களை மாட்டியாயிற்று, கடைசி வேலைதான் பாக்கி. உட்காரும் இடத்தில், காது உயரத்தில், ஒரு சின்ன மைக்கை வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'உஸ்' என்று ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயர் அதை மைக் வழியாகக் கேட்டு, அந்த ஓர் இடத்துக்குச் சத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். அதுவரை ஃபேன் ஓடக்கூடாது, யாரும் பேசக்கூடாது.

"நீங்க எங்க உக்காந்து பாப்பியம்மா?" என்றார் சவரிராயன்.

ஸ்டெல்லா சோபாவின் ஓரத்தைக் காட்டினார். சவரிராயன் அங்கே மைக்கை வைத்து வேலையை முடித்தார். பாட்டைப் போட்டதும் அருமையாகக் கேட்டது. ஸ்டெல்லாவின் முகம் மட்டும் வாடிவிட்டது.

"நல்லாத்தான் கேக்கு. ஆனா இது என் இடம்லா? அவிய உக்காருறது அந்த நாற்காலி."

"எப்ப வாராவ?"

"தெரியல. போன தடவையும் வாரேன்னு சொன்னாவ. வரல."

சவரிராயனுக்கு எரிச்சல் வந்தது. "தினம் பாக்கப்போறது நீங்க. ஆளில்லாத நாற்காலிக்கு எதுக்கும்மா? அங்க வச்சா உங்களுக்கு ஒரு பக்கமாத்தான் கேக்கும்."

"கேக்கட்டும்."

பெனிட்டா மைக்கை எடுத்துக்கொண்டு நாற்காலியருகே வந்தார்.

"உக்காந்தா அவிய காது எந்த உயரத்துக்கு வரும்க்கா?"

ஸ்டெல்லா கையை நீட்டி, நாற்காலிக்கு மேலே ஓர் இடத்தில் நிறுத்தினார். பிறகு சற்றே இடப்பக்கம் நகர்த்தினார்.

"சாஞ்சுதான் உக்காருவாவ."

பெனிட்டா மைக் ஸ்டாண்டை அந்த உள்ளங்கை வரை உயர்த்தினார். மைக் தொட்ட பிறகும் கை இறங்கவில்லை. பெனிட்டா அவசரப்படுத்தவில்லை. கை இறங்கியதும் ஃபேனை நிறுத்தினார். மூவரும் பேசாமல் நிற்க, ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக அந்த நாற்காலியைப் பார்த்து ஒலித்தன.

வேலை முடிந்து தெருவுக்கு வந்தார்கள். ஸ்பீக்கர் வந்த காலி அட்டைப்பெட்டி சவரிராயனின் தோளில் இருந்தது. எந்த வீட்டில் பெட்டி மிஞ்சினாலும் அவர் விடமாட்டார்.

"மாஸ்டர், அவிய வந்தப்புறம் மைக்க வச்சா ஆகாதா?"

"வந்தப்புறம் வீடு அமைதியா இருக்காதுண்ணே."

சவரிராயன் பெட்டியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். ஜோவிட்டா வீட்டில் இருந்தவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"மாஸ்டர், எம்மவ வருவாளா?"

பெனிட்டா அவர் தோளைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிய எங்க வைப்பிய?"

"ஜோவி ரூம்லதான். எல்லாப் பெட்டியும் அங்கதான் கெடக்கு. கதவே பாதிதான் தொறக்கும்."

"வந்தா அவ எங்க உக்காருவாண்ணே?"