கடைக்கரையின் ஊற்று

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்து, ஓடைகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. மலையடிவாரத்தில் ஒரு நாடு இருந்தது. அதை ஒரு மன்னர் ஆண்டார். நல்லவர்தான். சொன்னதை நம்புகிறவர்.

அந்த நாட்டுக்குள் ஓர் ஓடை இறங்கி வரும். வெயில் காலத்தில் அதில் மணல் மட்டும் கிடக்கும். மழைக்காலத்தில் மரங்களை வேரோடு இழுத்துக்கொண்டு வரும். மன்னரின் பாட்டனார் அந்த ஓடைக்குக் குறுக்கே மூன்று மண்கரைகள் போட்டுவிட்டுப் போயிருந்தார். மேற்கரை, நடுக்கரை, கடைக்கரை. அவை பாசனத்துக்காக அல்ல. மலையிலிருந்து வரும் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி, கல்மதகு வழியாக மெல்ல விடுவதற்காக. வருடத்தில் பத்து மாதம் மூன்றும் வறண்டு கிடக்கும். மேலே ஆடு மேயும். இப்படியும் ஒரு காவல் இருக்கிறது என்பதே ஊருக்கு மறந்துவிடும்.

கடைக்கரைக்கு நேர் கீழே தாழைப்பாடி என்ற ஊர். எழுபது வீடுகள்.

கரைகளைப் பார்த்துச் சொல்ல ஓர் அதிகாரி இருந்தார். பெயர் வெண்காடர். சித்திரை மாதம் மூன்று கரைகளையும் நடந்து பார்ப்பார். பிறகு சபைக்குப் போய்த் தடியால் தரையை மூன்று முறை தட்டி, "திடம், திடம், திடம்" என்பார். ஒரு கரைக்கு ஒரு திடம். மன்னர் தலையசைப்பார். பொய்யாகத் திடம் சொன்னவன் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். அதுவரை யாரும் போனதில்லை.

ஒரு சித்திரையில் வெண்காடர் கடைக்கரையின் உச்சியில் ஒரு வெடிப்பைப் பார்த்தார். உள்ளங்கை நுழையும் அகலம். வெயிலில் மண் வெடிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார். அந்த மாதம் இளவரசிக்குத் திருமணம் வேறு. சபைக்குப் போய் மூன்று முறை தட்டினார்.

அடுத்த சித்திரையில் வெடிப்புக்குக் கீழே, பின்சரிவில், பெருச்சாளி வளைகளைப் பார்த்தார். இதைச் சொன்னால் போன வருடம் என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். மூன்று முறை தட்டினார்.

மூன்றாம் சித்திரையில் ஒரு வளைக்குள் தடியை விட்டுப் பார்த்தார். தடி முழுவதும் போயிற்று. எங்கும் முட்டவில்லை. கையையும் விட்டார். தோள்வரை போயிற்று. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து விரல்களில் பட்டது. சட்டென்று கையை இழுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டார். கரையின் அடிவாரம்வரை இறங்கிப் பார்ப்பது வழக்கம். அன்று இறங்கவில்லை. சபையில் மூன்றாவது திடத்தைச் சொல்லுமுன் இரண்டு முறை இருமினார். "அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்றார் மன்னர்.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் மேற்கரை நிறைந்தது. இரண்டாம் நாள் நடுக்கரை நிறைந்தது. மூன்றாம் நாள் விடிந்தபோது கடைக்கரையில் தண்ணீர் முக்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. வெண்காடருக்குச் சோறு இறங்கவில்லை. மழை ஓட்டில் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் விரல்களில் அந்தக் குளிர்ந்த காற்று பட்டது. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அப்போது வாசலுக்கு ஒருத்தி வந்தாள். தாழைப்பாடியில் துணி வெளுக்கும் சேந்தி. அரண்மனைத் துணியும் அவளிடம்தான் வெளுப்புக்கு வரும். மூன்று வருடங்களாக மழைக்காலத்தில் கடைக்கரையின் காலடியில் ஓர் ஊற்று புறப்படும். பளிங்கு போன்ற தண்ணீர். ஊரார் அதற்குப் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். சேந்தி அதில்தான் துணி அலசுவாள்.

மூன்று வெள்ளைத் துணிகளை அவள் விரித்துக் காட்டினாள்.

"ஐயா, இது முந்தாநாள் அலசுனது. இது நேத்து. இது இன்னிக்கு."

முதல் துணி வெள்ளையாக இருந்தது. இரண்டாவது பழுத்திருந்தது. மூன்றாவது செம்மண் நிறத்தில் இருந்தது.

"உவர்மண்ணை அதிகமாப் போட்டிருப்ப" என்றார் வெண்காடர்.

"உவர்மண்ணு அழுக்கை எடுக்குமா, அழுக்கைக் கொடுக்குமா? முப்பது வருசமா இதே வேலை ஐயா எனக்கு. இதை அரண்மனைக்குக் கொண்டுபோனா என் தோலை உரிச்சுக் காயப்போடுவாங்க. ஊத்துத் தண்ணி கலங்கிப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க. கரையைப் பாக்குறவர் நீங்கதானே."

வெண்காடர் மூன்றாவது துணியை விரல்களால் தேய்த்துப் பார்த்தார். மண் ஒட்டியது. அவருக்குத் தெரிந்த மண். வளைக்குள் விட்ட கையில் ஒட்டிய அதே மண்.

அது ஊற்றே அல்ல. கரைக்குள் புகுந்த தண்ணீர் கசிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. தெளிவாக வரும்வரை தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கி வந்தால், கரையே உள்ளிருந்து கரைந்து வெளியே போகிறது.

"ஊத்து எவ்வளவு பெருசு?"

"முந்தாநாள் விரல் அளவு. நேத்து மணிக்கட்டு. இன்னிக்கு என் தொடை அளவு வருது. வீணாப் போகுதுன்னு எங்க ஆளுங்க களிமண்ணு உருட்டி அடைக்கப் போயிருக்காங்க."

வெண்காடர் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். சும்மா இருந்தால் எழுபது வீடுகள். சொன்னால் தன் வீடு.

"கலங்கிப்போச்சுன்னு சொல்றதுக்கு இவ்வளவு நேரமா ஐயா?" என்றாள் சேந்தி.

அவர் சபைக்கு ஓடினார். தடியை எடுக்க மறந்துவிட்டார்.

மன்னர் முழுவதையும் கேட்டார். "சித்திரையில் திடம் என்றீர். இப்போது உடையும் என்கிறீர். உடையாவிட்டால் ஊரை வீணாக மிரட்டியவர். உடைந்தால் பொய்த் திடம் சொன்னவர். இரண்டில் எதுவானாலும் உமக்குத் தப்ப வழி இல்லை. யோசித்துச் சொல்லும்."

"உடையும்" என்றார் வெண்காடர்.

"அப்படியானால் நீரே போய் ஊரைக் கிளப்பும். முரசு அடிக்க ஆள் தருகிறேன்."

தாழைப்பாடியில் ஆட்கள் களிமண்ணை மிதித்து இறுக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊற்று நின்றுபோயிருந்தது. கரையின் காலடியில் எந்தச் சத்தமும் இல்லை. முன்பிருந்த சத்தத்தைவிட அந்த அமைதி வெண்காடரை அதிகம் பயமுறுத்தியது. பத்தடி தள்ளி, காய்ந்திருந்த ஒரு திட்டில் புல் மெல்ல மேலே உயர்ந்தது. யாரோ உள்ளிருந்து மூச்சு விடுவதுபோல. பிறகு அதன் நடுவில், அடைபட்ட செந்நிறத் தண்ணீர் வேறு வழி கண்டு குமிழியிட்டது.

"எல்லாரும் மேட்டுக்குப் போங்க. இப்பவே போங்க."

ஒருவரும் அசையவில்லை. ஊர்த் தலைவர் எச்சன் சிரித்தார்.

"இதென்ன கூத்து? மூணு வருசமா நீங்கதானே திடம் திடம்னு தட்டுனீங்க. உங்க வாக்கை நம்பித்தானே போன மாசம் எம்பொண்ணுக்கு இங்கேயே வீடு கட்டிக் குடுத்தேன்."

"முதல் வருசம் வெடிப்பைப் பாத்தேன். ரெண்டாம் வருசம் வளையைப் பாத்தேன். மூணாம் வருசம் உள்ளே வெறும் பொந்துன்னு தெரிஞ்சும் திடம்னு சொன்னேன். மூணும் பொய் எச்சா. இது மட்டும்தான் நெசம்."

எச்சனின் சிரிப்பு நின்றது. அவர் வெண்காடரை அடிக்கக் கை ஓங்கினார். ஆனால் அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் கையை இறக்கினார். திரும்பி மகளின் வீட்டை நோக்கி ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து ஊர் ஓடியது.

கடைசி ஆள் மேட்டில் ஏறியபோது இன்னும் பொழுது சாயவில்லை. கரையின் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு மண் உள்வாங்கியது. உச்சி மெல்லக் குனிந்தது. பிறகு கரை இருந்த இடத்தில் கரை இல்லை. எழுபது வீடுகள் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. மேட்டில் யாரும் அழவில்லை. தத்தம் பிள்ளைகளின் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையும் குறையவில்லை.

மன்னர் தீர்ப்புச் சொன்னார். "நாட்டை விட்டுப் போகச் சொல்லலாம். போன இடத்தில் உமக்குப் பயம் தெளிந்துவிடும். அந்தப் பயம் இந்த நாட்டுக்கு வேண்டும். கரையை மறுபடி போடுவோம். அதன் காலடியில், எல்லா வீட்டுக்கும் முன்னால், உமக்கு ஒரு வீடு. சாகும்வரை நீரும் உம் மனைவி மக்களும் அங்கேதான் இருக்க வேண்டும்."

அதற்குப் பிறகு வெண்காடர் சபையில் ஒருமுறைகூடத் திடம் என்று சொல்லவில்லை. உச்சியில் வெடிப்பு இரண்டு, பின்சரிவில் வளை ஒன்று, அடிவாரத்தில் ஈரம், ஈரம் தெளிவு என்று கண்டதை மட்டும் சொன்னார். சொன்ன அன்றே ஆட்கள் மண்வெட்டியோடு போனார்கள். மழைக்காலத்தில் அவர் பலமுறை வாசலுக்கு வந்து, கரையடியில் கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அது தெளிவாக இருந்தாலும் இன்னொரு முறை ஏந்திப் பார்ப்பார். உள்ளே அவருடைய பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே கேட்டவர்களே, ஊருக்காகப் பார்க்கும் பொறுப்பை ஏற்றவர், ஆபத்தைக் கண்ட அன்றே தமக்கு வரும் கேட்டைப் பாராமல் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.