முள்ளி கழற்றிக் கொடுத்த விசை

மிருகங்களும் பறவைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முள்ளம்பன்றிக்குத் தன் முள்ளைச் சுடத் தெரியும். முதுகுத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன விசை இருந்தது. உடம்பு திடுக்கிட்டால் போதும், விசை தட்டிவிடும், டக்கென்று ஒரு முள் பின்பக்கமாகப் பறந்துவிடும்.

காட்டோரத்தில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். மகா பயந்தவள். புளியம்பழம் விழுந்தால் டக். யாராவது தும்மினால் டக். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. சுட்டதும் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பாள். கேட்கிற அவசரத்தில் கால் இடறி இன்னொரு முள்ளும் போய்விடும். அதனால் அவளைப் பார்க்கப் போகிறவர்கள் முகத்துக்கு முன்னால் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். யாராவது அந்தப் பக்கம் நடந்தால், முள்ளி வீட்டுக்கா, பலகை எடுத்தாச்சா என்று விசாரிப்பது வழக்கமாகிப் போனது.

ஒரு நாள் முயல் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போயிற்று. முந்தின தடவை முள் ஒரு பலகையைத் துளைத்துக்கொண்டு மீசைவரை வந்துவிட்டதாம். திரும்பி வரும்போது, முள்ளி சுட்ட முள் தைத்துப் பலகைகள் இரண்டும் பிரிய மாட்டேன் என்றன. முயல் அவற்றைக் கொண்டை ஆசாரியிடம் எடுத்துப் போயிற்று.

கொண்டை ஆசாரி மரங்கொத்தி. அந்தக் காட்டுக்கே தச்சர் அவர்தான். துளை போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சேர்ப்பதில்தான் சங்கடம். பிசின் தடவி இரண்டு சட்டங்களை ஒட்டினால், காய்வதற்குள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடும். காயும்வரை காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், சாப்பிடக்கூட எழுந்து போக முடியாது. தடித்த ஆணி அடித்தாலோ மெல்லிய சட்டம் நெடுக்கப் பிளந்துவிடும்.

ஆசாரி முயலின் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளவில்லை. முள் உள்ளே போன இடம் கடுகளவுகூட இல்லை. அன்றைக்கே ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு போய் முள்ளியை வேலைக்கு அழைத்துவிட்டார்.

வேலை இப்படி நடந்தது. ஆசாரி பிசின் தடவிச் சட்டங்களைப் பொருத்துவார். முள்ளி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ஆசாரி அவள் காதருகே குனிந்து, "பே" என்பார். டக். முள் ஏறிவிடும். பிசின் காயும்வரை அந்த முள் பிடித்துக்கொள்ளும், காய்ந்தபின் பிசின் பார்த்துக்கொள்ளும். அணிலுக்குக் கொட்டைப் பெட்டி, குயிலுக்குக் கண்ணாடிச் சட்டம், ஆமைக்கு ஒரு குட்டை ஸ்டூல் எல்லாம் செய்தார்கள். நாள்பட நாள்பட முள்ளிக்கு 'பே' பழகிப் போய்விடுமோ என்று ஆசாரிக்கு உள்ளூரக் கவலை இருந்தது. பழகவேயில்லை. ஒவ்வொரு 'பே'க்கும் புதிதாகவே திடுக்கிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் முள்ளிக்குக் குழந்தை பிறந்தது. கடுகு என்று பெயர் வைத்தாள். அதுவரை அவள் தனக்காக மட்டும் பயந்திருந்தாள், இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயந்தாள். எறும்பு கடிக்குமோ, தூக்கத்தில் மூச்சு நிற்குமோ என்று எழுந்து எழுந்து மூக்கடியில் முகர்ந்து பார்ப்பாள். கடுகுக்கு அதெல்லாம் தெரியாது. பட்டறையில் தவழ்ந்து திரிவான். சுருள் சுருளான மரச் சீவல்களைத் தலையில் தொப்பி போல வைத்துக்கொள்வான். எழுந்து நிற்பான், தொப்பென்று விழுவான்.

விழாமல் நடக்க ஒரு நடைவண்டி செய்து தரும்படி முள்ளி கேட்டாள். அதற்கென்ன, நம்ம பிள்ளைக்கு இல்லாததா என்று ஆசாரி பலா மரத்திலேயே செய்ய ஆரம்பித்தார். சக்கரம் ஆயிற்று, கைப்பிடி ஆயிற்று. கைப்பிடியைச் சுற்றி ஒரு மெல்லிய சட்டம் வைத்தால் முடிந்தது. அதற்குப் பிசின் எடுக்க ஆசாரி மூலைக்குப் போனார்.

முள்ளி கதவோரம் நின்றிருந்தாள். கடுகு சத்தமில்லாமல் அவளுக்குப் பின்னால் வந்தான். ஆசாரியிடம் கற்றுக்கொண்ட ஒரே சொல்லைச் சொன்னான்.

"பே."

டக்.

முள்ளி திரும்பிப் பார்த்தாள். கடுகின் தலையில் இருந்த சீவல் தொப்பி கதவோடு சேர்த்து அறையப்பட்டிருந்தது. தொப்பிக்குக் கீழே கடுகு கைகொட்டிச் சிரித்துக்கொண்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டான்.

முள்ளி சிரிக்கவில்லை. பட்டறையின் கோடிக்குப் போய் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கடுகு தவழ்ந்து வந்தால் வராதே என்று கத்தினாள். அம்மா இப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தான். எடுத்து அணைக்க ஓர் அடி வைத்தாள், பயந்து மறுபடி சுவருக்கே போய்விட்டாள்.

ஆசாரி என்னென்னவோ வேடிக்கை பேசிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

"இந்த விசையைக் கழற்றிடுங்க அண்ணே," என்றாள் முள்ளி.

"சிறுத்தை வந்தா என்ன பண்ணுவே தங்கச்சி?"

"சிலிர்த்துக் காட்டுறேன். எங்கிட்ட விசை இல்லேன்னு அதுக்குத் தெரியவா போகுது?"

ஆசாரி யோசித்தார். பிறகு அலகைக் கூர்மையாக்கிக்கொண்டு, வலிக்கும் என்று எச்சரித்துவிட்டு, விசையை மெல்ல நெம்பி எடுத்தார். முள்ளி பல்லைக் கடித்துக்கொண்டாள். அத்தனை நேரமும் கடுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசையை ஒரு பலாமரப் பெட்டிக்குள் பொருத்தினார்கள். முன்பக்கம் ஆசாரி தன் அலகு மாதிரியே ஒரு மூக்கு வைத்தார். முள்ளி தன் மெல்லிய முட்களை உதிர்த்துத் தந்தாள். முதுகில் இருந்த மாதிரியே அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பிசினால் ஒட்டி, வரிசையாக உள்ளே ஏற்றினார்கள். ஆசாரி ஆசையோடு விசையைத் தட்டப் போனார். முள்ளி பெட்டியின்மேல் கையை வைத்துவிட்டாள்.

"மூக்கு பலகையில படாம இது வாயைத் திறக்கக் கூடாது. நான் பாக்காமலே சுட்டுட்டேன் அண்ணே. இது தொட்டுப் பாத்துட்டுச் சுடட்டும்."

ஆசாரி மூக்கையும் விசையையும் ஒரு கம்பியால் இணைத்தார். மூக்கு அழுந்தினால்தான் விசை நகரும். சோதித்துப் பார்க்க மூக்கைக் காலிச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார்கள். கடுகு பெட்டிக்குப் பின்னால் போய்த் தன் பலம் கொண்ட மட்டும் "பே" என்றான். பெட்டி அசையவில்லை. ஆசாரி விசையைத் தட்டினார், அப்போதும் அசையவில்லை. பிறகு மூக்கை நடைவண்டிச் சட்டத்தில் அழுத்தித் தட்டினார். டக்.

கடுகு சொன்ன அந்த 'பே'க்கு முள்ளி திடுக்கிடத்தான் செய்தாள். முட்களெல்லாம் சிலிர்த்து நின்று சடசடவென ஆடின. ஒன்றுகூடப் பறக்கவில்லை. கடுகு நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக வந்து அவள்மேல் மோதினான். அவள் அவனை வாரி எடுத்துக்கொண்டாள்.

அன்று தொடங்கித்தான் முள்ளம்பன்றி சிலிர்த்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அன்று தொடங்கித்தான், வீட்டில் படச்சட்டமும் அலமாரியும் செய்கிறவர்கள் வைத்திருக்கும் பிராட் நெயிலர் என்ற ஆணி அடிக்கும் கருவிக்குள் தலை இருப்பதே தெரியாத அந்த மெல்லிய ஆணிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையில் நிற்கின்றன, மூக்கை மரத்தில் அழுத்தாதவரை அதுவும் வாயைத் திறப்பதில்லை. முள்ளியின் பயத்தை மட்டும் ஆசாரியால் கழற்ற முடியவில்லை. அது இன்றைக்கும் பிள்ளை பெற்றவர்களிடம் இருக்கிறது, யாரையும் குத்தாமல் சடசடத்துக்கொண்டு.