எப்போது எடுத்த அளவு

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டீங்களே மேடம்," என்றார் தணிகாசலம்.

பிலோமினாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார். சென்னையிலிருந்து திருச்சிக்கு இதற்காகவே ரயில் ஏறி வந்தவர். பையில் கருவி இருந்தது.

"உட்காருங்க சார்," என்றார் பிலோமினா.

பாதாளச் சாக்கடையில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. நீளமான கேபிளின் நுனியில் சென்சார். அதை மட்டும் குழிக்குள் இறக்குவார்கள். மேலே இருக்கும் திரையில் பச்சை வந்தால் ஆள் இறங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது.

சட்டப்படி, எந்த நிறம் வந்தாலும் ஆள் இறங்கக் கூடாது. இறக்குகிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது, கதை நின்றுவிடும்.

கருவிக்குள் எல்லாவற்றையும் இயக்கும் அடிப்படை மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். சென்சார் சொல்வதை அந்தக் கெர்னலுக்குப் புரியவைக்கும் சின்ன நிரலான ட்ரைவரை எழுதியவர் தணிகாசலம். அந்தக் கெர்னல் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். ஆனால் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர், படித்துப் பார்த்தேன் என்று தன் பெயரைக் கீழே போட்டால்தான் உள்ளே போகும். சென்சார் ட்ரைவர்களைப் பார்த்துக்கொள்பவர் பிலோமினா. அவர் லேசில் பெயர் போடமாட்டார்.

"கெர்னலோட இந்த வெளியீட்டுல ஏறலைன்னா கம்பெனி இந்தக் கருவியையே மூட்டை கட்டிடும் மேடம். கூடவே என்னையும்."

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

திருப்பி அனுப்பிய ஒவ்வொரு முறையும் பிலோமினா நிரலின் ஒரே ஒரு வரிக்குக் கீழேதான் கேள்வி எழுதியிருந்தார். ஒரே கேள்வி: இது எப்போது எடுத்த அளவு?

கெர்னல்காரர்கள் நிரலில் ஓர் இடைவெளி கூடிப்போனாலும் திருப்பி அனுப்புகிறவர்கள். ஆகவே தணிகாசலம் முதலில் இடைவெளிகளைச் சரிசெய்தார். பிறகு மாறிகளின் பெயர்களை மாற்றினார். பிறகு பாதி நிரலையே பிரித்து அடுக்கினார். அந்த வரியை மட்டும் தொடவில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

"அது நல்லதுக்குத்தான் மேடம் வெச்சேன். குழிக்குள்ள ஈரம். கேபிள் அடிக்கடி தொடர்பு விட்டுப்போகும். உடனே திரையில கோளாறுன்னு காட்டும். ஓட்டைக் கருவியைக் கொடுத்துட்டீங்கன்னு நகராட்சியில திட்டினாங்க. அதனால சென்சார் பதில் சொல்லலைன்னா, கடைசியா சொன்ன எண்ணையே கொடுக்கிற மாதிரி எழுதினேன். அதுக்கப்புறம் ஒரு புகார் வரல."

"கருவியை எடுங்க."

தணிகாசலம் எடுத்து மேசைமேல் வைத்து இயக்கினார். திரை பச்சையானது.

பிலோமினா கேபிளை உருவினார். சென்சாரோடு சேர்த்துச் சுருட்டி, தணிகாசலத்தின் மடியில் வைத்தார்.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். பச்சை.

"காபி குடிக்கிறீங்களா?"

குடித்தார்கள். டம்ளர் காலியானது. பச்சை மாறவில்லை.

"இறங்கலாமா சார்?"

தணிகாசலம் மடியிலிருந்த கேபிளைப் பார்த்தார்.

"மாத்திடுறேன் மேடம். இன்னைக்கே மாத்தி அனுப்புறேன்."

"மாத்துங்க." பிலோமினா டம்ளர்களை ஓரமாக நகர்த்தினார். "ஏதோ நகராட்சி திட்டுச்சுன்னீங்க. அங்க கருவி இருக்கா?"

"சோதனைக்கு ஒண்ணு குடுத்திருக்கோம்."

"அதுல இருக்கிறது எந்த ட்ரைவர்?"

"இதேதான். கெர்னல்ல ஏறுற வரைக்கும் நாங்களே போட்டுக் குடுத்துட்டோம்."

"யார்கிட்ட இருக்கு?"

"மாசிலாமணின்னு ஒரு மேஸ்திரி. முன்னெல்லாம் தீக்குச்சி கொளுத்திப் போட்டுத்தான் பார்ப்பாராம். இப்போ பச்சையைப் பார்த்துத்தான் இறங்குறோம் சார், நீங்க நல்லா இருக்கணும்னு சொன்னார்."

சொல்லிவிட்டுத் தணிகாசலம் திரையைப் பார்த்தார்.

"போன் போடுங்க."

போட்டார். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது.

மறுபடியும் போட்டார். ஜன்னலுக்கு வெளியே பழவண்டிக்காரர் கொய்யா விலையைக் கூவிக்கொண்டு போனார். அந்தக் குரல் தெருமுனையைத் தாண்டிய பிறகும் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"எடுக்கல மேடம்."

பிலோமினா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"வேலையா இருப்பார். குழிப் பக்கம் போனா போனை வண்டியிலயே வெச்சிடுவாங்க." தணிகாசலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகியிருக்காது. நல்லாத்தான் இருக்கார். ரயில்ல வரும்போதுகூடப் பேசினேனே. சிரிச்சுக்கிட்டேதான் பேசினார்."

மேசைமேல் திரை பச்சையாக இருந்தது.

பிலோமினா மெதுவாகக் கேட்டார்.

"அது எப்போ எடுத்த அளவு சார்?"