மொரேல்களை விரட்டிய கதை

மணற்கோட்டையை ஆண்ட வீரகேசரி ராஜாவுக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. யோசனை வருவதற்குள் கட்டளை போட்டுவிடுவார்.

அவருக்கு உயிர் நண்பராக இருந்தவர் முசே மொரேல் என்ற பிரெஞ்சுக்காரர். தன் குடும்பப் பெயரை ஊருக்கெல்லாம் வாரிக் கொடுப்பதில் அந்த மனிதருக்கு அப்படி ஓர் ஆசை. மாதா கோவிலில் யாருக்கு ஞானஸ்நானம் என்றாலும் ஞானத்தகப்பனாகப் போய் நின்று 'மொரேல்' என்று சூட்டிவிடுவார். அரண்மனைச் சமையற்காரர் மொரேல். மருத்துவச்சி சவேரியம்மாள் மொரேல். துணி வெளுப்பவரும் அப்படியே. அந்தக் கோவில் மணியை மந்திரித்துப் பெயர் சூட்டியபோதும் அவர்தான் ஞானத்தகப்பன், ஆகவே மணியும் மொரேல். அவர் ஒட்டுக்கட்டிய மாமரத்தைக்கூட ஊரில் அப்படித்தான் அழைத்தார்கள்.

அந்த மொரேல் தசராவுக்கு ஒரு பீரங்கியைப் பரிசளித்தார். முதல் வெடியிலேயே அது பிளந்து ராஜாவின் மீசையில் பாதியைப் பொசுக்கியது. மொரேல் அன்றே கப்பலேறிவிட்டார்.

ராஜா சபையில் கொதித்தார். "நாளைப் பொழுது சாய்வதற்குள் மொரேல் என்ற பெயருள்ள எதுவும் என் சீமையில் இருக்கக்கூடாது. அம்பலத்தாடி, இது உம் பொறுப்பு. ஒன்று மிஞ்சினாலும் உம் தலை மிஞ்சாது."

அம்பலத்தாடி அரசவையில் பேசியே பிழைக்கும் விகடகவி. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் சவேரியம்மாள் அழுதுகொண்டு நின்றாள்.

"ஐயா, ஊருல பாதிப் புள்ளைங்கள இந்தக் கையிலதான் வாங்குனேன். இப்ப நான் எங்க போவேன்?"

"மூட்டையைக் கட்டம்மா. ரொம்ப இறுக்கிக் கட்டிவிடாதே, திரும்ப அவிழ்க்க வேண்டியிருக்கும்."

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை காலியாக இருந்தது. சமையற்காரர் எல்லைக்குப் போயிருந்தார். மாற்று வேட்டியும் இல்லை. மணியை இறக்கிவிட்டதால் பொழுது எவ்வளவு ஆயிற்று என்றும் தெரியவில்லை. மாமரத்தை வேரோடு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜா பட்டினியோடு, "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றார்.

சாயங்காலம் சபை கூடியது.

"எல்லாம் ஒழிந்ததா?"

"எல்லையில் மூட்டையோடு நிற்கிறார்கள், மகாராஜா. ஒரே ஒரு மொரேல் பாக்கி. பெரிய இடம், என்னால் தொட முடியாது."

"யாரவன்? பெயரைச் சொல்லும்."

"நான் சொன்னால் மரியாதையாக இருக்காது. கட்டியக்காரர் சொல்லட்டும். ஐயா, ராஜாவின் பட்டங்களை ஒருமுறை நிதானமாகச் சொல்லுமே."

ராஜா சபைக்குள் வரும்போதெல்லாம் கட்டியக்காரர் அந்தப் பட்டங்களை நீட்டி முழக்குவார். தினமும் ஒலிப்பதால் ராஜா உட்பட யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. கட்டியக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ராஜாதிராஜ, ராஜகம்பீர, சமரகோலாகல, மொரேல் பகதூர் வீரகேசரி மகாராஜா பராக், பராக்."

போன வருஷம் விருந்து மயக்கத்தில் நண்பரிடம் தாமே கேட்டு வாங்கிய பட்டம் அது. ராஜாவுக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

அம்பலத்தாடி பணிவாகக் கும்பிட்டார். "தாங்கள் கிளம்பினால் என் தலை தப்பும், மகாராஜா. பல்லக்கு வாசலில் நிற்கிறது."

 ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பல்லக்கை எல்லைக்கு அனுப்பும். எல்லாரையும் வீட்டுக்குத் திரும்பச் சொல்லும். ஆனால் முதலில் சமையற்காரரை ஏற்றி வரச் சொல்லும். இந்த மொரேலுக்குப் பசியில் உயிர் போகிறது."