பூவாயி காட்டிய காளான்

மலை மேலிருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் மாசிலாமணி சில நாட்களாகச் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். கேட்டவர்களிடம் விரதம் என்றார். குருவம்மா மட்டும் கேட்கவில்லை.

ஆசிரமத்தை நடத்திவந்த குருவம்மா அவரைவிட இருபது வயது இளையவர், அந்த மலையிலேயே பிறந்தவர். மாசிலாமணி கீழே வெல்ல மண்டி நடத்தி, வயதான பிறகு மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஞானம் தேடி மேலே வந்தவர். வந்த இடத்தில் தியானம் அவருக்குக் கைவரவில்லை. காளான் கைவந்தது.

சித்திரையில் முதல் மழை விழுந்ததும் சோலைக்குள் உதிர்ந்து கிடக்கும் குச்சிகளில் சிவப்பாக, சின்னக் கிண்ணம் போல அந்தக் காளான் முளைக்கும். அதே நேரத்தில் மண்ணிலிருந்து இன்னொன்றும் முளைக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை. கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நல்லதன் அடியில் பூனைமுடி போல வெள்ளை ரோமம் இருக்கும், குச்சித் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். மற்றதன் அடி மொட்டையாக, மண் அப்பிக் கிடக்கும். குருவம்மா ஒருமுறை காட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் மாசிலாமணி தவறியதே இல்லை. வெல்லத்தில் கலப்படம் பார்த்த கண்ணாயிற்றே!

ஆசிரமத்துக்குக் கீழே ஒரு குடியிருப்பு இருந்தது. மிளகுத் தோட்ட வேலைக்காகச் சமவெளியிலிருந்து வந்து தங்கியவர்கள். காளான் அவர்களுக்குப் புதிது. அதனால் ஒரு வழக்கம் உண்டானது. யார் பறித்தாலும் முதலில் ஆசிரம வாசலில் கொண்டுவந்து காட்ட வேண்டும். மாசிலாமணி தலையாட்டினால் சட்டிக்கு, ஆட்டாவிட்டால் குப்பைக்கு. மீந்ததை நாரில் கோத்து அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிடுவார்கள். வேலை இல்லாத மாதங்களில் அதை ஊறவைத்துக் குழம்பு வைப்பார்கள். தன் தலை ஆடினால்தான் ஒரு ஊரே சாப்பிடுகிறது என்பதில் மாசிலாமணிக்கு உள்ளூரப் பெருமைதான். துறவு வாங்கினாலும் மண்டிக்காரர் மனசு லேசில் போகுமா?

இந்தச் சித்திரையில் அவர் மௌன விரதம் எடுத்திருந்தார். வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது குடியிருப்பிலிருந்து பூவாயி காளான் கூடையோடு வந்து நின்றாள்.

"சாமி, குச்சியில இருந்தது கொஞ்சம், பக்கத்துல மண்ணுல இருந்தது கொஞ்சம். ரெண்டும் ஒண்ணுதானுங்களா? சித்தப் பாருங்க."

அன்றைக்குத்தான் மனம் கொஞ்சம் அடங்குகிறாற்போல் இருந்தது. அவள் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஆள் போனால் போதும் என்று, மூடிய கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.

அவள் புருஷன் சின்னான்தான் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டான். மற்றவர்களுக்குப் பரிமாறுவதற்குள் அவன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். போர்வையில் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தான். ஆனால் போன ஆளில் பாதிதான் திரும்பி வந்தது.

சாமி பார்த்துத்தான் தலையாட்டியிருப்பார், இவள்தான் ஒன்றைக் காட்டிவிட்டு இன்னொன்றைச் சமைத்திருக்கிறாள் என்று ஊர் முடிவுகட்டியது. அவள் அடுப்புக்கு மேல் தொங்கிய சரங்களையெல்லாம், நல்லதையும் சேர்த்து, அறுத்து ஓடையில் எறிந்தார்கள். அன்றிலிருந்து அவள் கையால் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்குவதில்லை. மாமியாரே தனியாகப் பொங்கிக்கொள்கிறாள். எல்லாரும் சொல்லிச் சொல்லி, தான்தான் மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று பூவாயிக்கே தோன்றத் தொடங்கிவிட்டது.

பால் கொண்டுவருகிறவள் இதையெல்லாம் வந்து சொன்னபோது மாசிலாமணியின் மௌன விரதம் முடிந்துபோயிருந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு விட்டதுதான் சோறு.

கடைசியில் ஒரு காலையில் அவரே குருவம்மாவிடம் போனார். குருவம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நான் கண்ணைத் திறக்கல."

"எப்போ?"

"பூவாயி கூடையைக் காட்டினப்போ. பார்க்காமலே தலையாட்டிட்டேன்."

குருவம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"இத வேற யார்கிட்டச் சொன்னீங்க?"

"உங்ககிட்ட மட்டும்தான்."

"எங்கிட்ட எதுக்கு ஐயா? என் கையால எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

மாசிலாமணிக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பெரிய மனிதர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தூங்கி எழுந்தால் பூவாயியின் குரல், சாமி சாமி என்று. அதைக் குருவம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"இனி ஆயுசுக்கும் காளானைத் தொட மாட்டேம்மா. வாசல்ல உக்கார மாட்டேன். இப்படியே பட்டினி கிடக்கிறேன். எத்தனை நாள் கிடந்தா இது தீரும்? அதை மட்டும் சொல்லுங்க."

"நீங்களும் பட்டினி கிடந்துட்டா, அவ சமைச்சத யாரு சாப்பிடுறது?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"கீழ போங்க. நாலு பேர் பார்க்க அவ வீட்டு முன்னால உக்காருங்க. நடந்ததச் சொல்லுங்க. சொல்லிட்டு, பசிக்குதுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க."

"என்ன கேக்கட்டும்?"

"காளான் குழம்பு. நேத்துத்தான் மழை பெஞ்சிருக்கு. அவளே பறிக்கட்டும், அவளே ஆக்கட்டும்."

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஊர் என்ன பேசுமோ, சின்னான் கையை ஓங்குவானோ, எதுவானாலும் சரி. வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. வாசல் படல் வரைக்கும் வேகமாகத்தான் போனார். அங்கே நின்றுவிட்டார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"போறேன். போகாம இருக்க மாட்டேன். ஊர் என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். ஆனா ஒரே ஒரு பயம்."

"என்ன?"

"அவ மறுபடியும் தப்பாப் பறிச்சுச் சமைச்சுட்டா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை அப்போதுதான் நின்றது. குருவம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"மறுபடியுமா?"

மாசிலாமணி படலைப் பிடித்தபடி நின்றார்.

"போன தடவையும் அவ கேட்டுட்டுத்தானே ஐயா சமைச்சா."